டேட்டோனா மணலும் எங்கள் நிரையும்

கடற்கரை மணலில் சக்கரம் புதையும். மலேசியாவில், எங்கள் கெடா மாநிலத்துப் பந்தாய் மெர்டேக்காவுக்குச் சைக்கிளில் போய், கடைசிக் கொஞ்ச தூரத்தைத் தள்ளிக்கொண்டே கடந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவின் புளோரிடாவில் டேட்டோனா கடற்கரை வேறு மாதிரி. மணல் பொடியானது, நெருக்கமானது. கரை அகலம், சரிவு மிகக் குறைவு. அலை ஏறி நனைத்துவிட்டு இறங்கினால் சில மணி நேரத்துக்குத் தரை இறுகிக் கிடக்கும். குளிர்காலத்தைக் கழிக்க அந்தப் பக்கம் வந்த செல்வந்தர்கள் தங்கள் புதுக் கார்களை அதன்மேல் விட்டுப் பார்த்தார்கள். 1903இல், டேட்டோனாவுக்கு வடக்கே ஆர்மண்டில், கடிகாரம் வைத்து ஓட்டத்தை அளந்தார்கள். 1906இல் ஃப்ரெட் மேரியட் ஒரு நீராவிக் காரை மணிக்கு 205 கிலோமீட்டர் வேகத்தில் செலுத்தினார். தென் கெடாவில் காடு அழித்துக் கித்தா எனும் ரப்பர்க் கன்று நடத் தொடங்கிய காலம் அது.

எப்போது ஓடலாம் என்பதைக் கடல் தீர்மானித்தது. அலை விலகிய இடைவேளைக்குள் ஓடி முடிக்க வேண்டும். எத்தனை பெரிய கோடீஸ்வரராக இருந்தாலும் கரையில் காத்து நிற்கத்தான் வேண்டும். அந்த ஊரைப் பற்றிப் படித்ததில் முதலில் என் மனத்தில் தங்கியது இந்தக் காத்திருப்புதான்.

*

கித்தா மரத்தில் பால் வெட்டுவதற்கும் இப்படி ஓர் இடைவேளை உண்டு. விடியுமுன், குளிர்ச்சி இருக்கும்போது, மரத்துக்குள் நீரழுத்தம் கூடியிருக்கும். அப்போது பட்டையைச் சீவினால் பால் தாராளமாக இறங்கும். வெயில் ஏற ஏற ஓட்டம் தளரும். அதனால்தான் தோட்டத்தில் இருட்டிலேயே மணி அடித்தார்கள். பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு, ஆளுக்கொரு நிரைக்கு அனுப்பினார்கள். ராத்திரி மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் வெட்டு இல்லை. அன்றைய கூலியும் இல்லை.

பள்ளி விடுமுறையில் அம்மாவோடு பால் பிடிக்கும் மங்கு துடைக்கப் போவேன். அம்மா மரத்தருகே வந்ததும் முதலில் நேற்றைய வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்துப் பைக்குள் போடுவார். பிறகு கத்தி. இடப்பக்கம் உயரத்தில் தொடங்கி வலப்பக்கம் தாழ்வாக, மரத்தின் பாதிச் சுற்றுக்கு, ஏறக்குறைய 30 பாகைச் சரிவில் ஒரே இழுப்பு. பட்டைக்குள் பால் குழாய்கள் நேராக ஏறுவதில்லை, கொஞ்சம் சாய்ந்தே ஏறுகின்றன. இந்தத் திசையில் சீவினால்தான் நிறையக் குழாய்கள் அறுபடும். ஆழம் அதைவிட முக்கியம். மரத்தை வளர்க்கும் மெல்லிய படலத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் கத்தி நிற்க வேண்டும். உள்ளே இறங்கினால் காயம். காயம் பட்ட இடத்தில் பட்டை முண்டு முண்டாய்த்தான் திரும்ப வளரும். அதில் மறுபடி கத்தி ஓடாது. தேவைக்கு மேல் தடிமனாகச் சீவினாலும் நட்டம்தான், அந்த மரம் பால் தரும் ஆண்டுகள் அத்தனை குறையும். ஒரே வெட்டை மீண்டும் மீண்டும் சீவிப் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூரில் இருந்த ஹென்றி ரிட்லி 1890களில் வகுத்தார். அவர் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். ஆனால் அந்த முறை ஒரு தாளில் எழுதியது. அதைத் தினமும் இருட்டில், கொசுக்கடியில், ஒரு மயிரிழை பிசகாமல் செய்து காட்டியவை கைகள்.

ஒரு மரத்தை முடிக்க அம்மாவுக்குப் பத்துப் பதிமூன்று விநாடி போதும். அவசரப்பட்ட கை அல்ல. "கை ஓடலாம்யா, கத்தி ஓடக்கூடாது" என்பார். நிரைக்கு நானூறு, ஐந்நூறு மரம். எல்லாம் வெட்டி முடித்து, ஓரிடத்தில் உட்கார்ந்து பசியாறி, பால் நின்றபின் வந்த வழியே திரும்ப நடந்து மங்கு மங்காய்ச் சேர்ப்பது. ஒரு மரம் ஒரு வெட்டில் தரும் ரப்பரை உலர்த்தி நிறுத்தால் சில பத்து கிராம்தான் வரும்.

*

1935 மார்ச் 7. மால்கம் கேம்ப்பெல் தன் 'புளூபேர்ட்' காரை டேட்டோனா மணலில் மணிக்கு 445 கிலோமீட்டருக்கு மேல் செலுத்தினார். அளந்து வைத்த ஒரு மைலை இரு திசையிலும் ஓடி, இரண்டின் சராசரியைக் கணக்கெடுப்பது விதி. அந்த வேகத்தில் ஒரு மைலுக்கு 13 விநாடி.

இந்த எண்ணைக் கணக்குப் போட்டுப் பார்த்த இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. ஒரு மரம் வெட்டும் நேரம் அது. அவர் ஒரு மைலைக் கடக்க எடுத்த நேரத்துக்குள், மலாயாவில் ஏதோ ஒரு நிரையில் ஒரு பெண் ஒரு மரத்தை முடித்து அடுத்த மரத்துக்கு நகர்ந்திருப்பாள். இரண்டு வேலைக்கும் கை நடுங்கக் கூடாது.

*

அந்தக் கார்களின் டயரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதி வைக்க வேண்டும்.

1927 மார்ச் 29 அன்று ஹென்றி சீகிரேவ், ஏறக்குறைய நான்கு டன் எடையுள்ள சன்பீம் காரில், உலகில் முதன்முறையாக மணிக்கு 200 மைலைத் தாண்டினார். இரண்டு எஞ்சின்களைக் கொண்ட கார் அது. எஞ்சினைச் செய்தவர்களுக்கு இருந்த கவலையைவிட டயர் செய்த டன்லப் கம்பெனிக்குப் பெரிய கவலை. அந்த வேகத்தில் சுழலும்போது டயரின் மேல்பகுதி தன் எடையாலேயே பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். அதற்கென்றே தனியாகச் செய்த டயர்கள்கூட அத்தகைய வேகத்தைச் சில நிமிடங்களுக்குத்தான் தாங்கும். அந்தச் சில நிமிடங்களுக்குள்தான் சாதனை.

செயற்கை ரப்பர் இன்னும் பரவாத காலம். டயரில் இருந்த பருத்தி நூலையும் கந்தகத்தையும் கரித்தூளையும் தவிர்த்தால் மற்றதில் பெரும்பகுதி மரத்துப் பால். உலகத்துக்கு அதிக ரப்பர் தந்தது மலாயா. அதிகம் வாங்கியது அமெரிக்கா. டன்லப் கம்பெனிக்கே மலாயாவில் பெரும் தோட்டங்கள் இருந்தன. நம் கெடாவில், பீடோங் பக்கத்து ஹார்வார்ட் தோட்டம் யுனைடெட் ஸ்டேட்ஸ் ரப்பர் என்ற அமெரிக்க டயர்க் கம்பெனியைச் சேர்ந்தது. கெடாவின் பாடாங் மேஹாவில் வெட்டிய பால் கேம்ப்பெல் காருக்குப் போனது என்று நான் சொல்ல வரவில்லை. மங்கிலிருந்து வாளிக்கும், வாளியிலிருந்து ஸ்டோர்த் தொட்டிக்கும் போகும்போதே ஒரு மரத்தின் பால் இன்னொன்றோடு கலந்துவிடுகிறது. அமிலம் ஊற்றி உறைய வைத்து, உருளையில் நசுக்கி, புகையறையில் தொங்கவிட்டு, மூட்டை கட்டிப் பினாங்குத் துறைமுகத்துக்கு அனுப்பும்போது நூறு தோட்டத்துப் பாலும் ஒரே சரக்கு. எவருடையது எது என்று பிரிக்க வழியில்லை. பிரிக்க முடியாததாலேயே அது எங்கள் எல்லோருடையதும் என்று எண்ணுகிறேன்.

*

ஃப்ராங்க் லாக்ஹார்ட் என்ற 25 வயது இளைஞர் 1928 ஏப்ரல் 25 அன்று அதே மணலில் இறந்தார். பின்சக்கர டயர் வெடித்தது. முந்தைய ஓட்டத்தில் கிளிஞ்சல் கீறியிருக்கலாம், அல்லது பிரேக் இறுகித் தேய்ந்திருக்கலாம் என்பார்கள். அடுத்த ஆண்டு லீ பைபிள் என்பவரும், அவர் காரைப் படமெடுக்கக் கரையில் நின்ற ஒளிப்படக்காரரும் ஒரே விபத்தில் மாண்டார்கள். அவர்களுக்காக வருந்துகிறேன். வேகத்தின் மீது அவர்களுக்கு இருந்த ஆசையை நான் சிறிதாக நினைக்கவில்லை. செம்மண் சாலையில் மோட்டார் சைக்கிளைக் கடைசிவரை முறுக்கிப் பார்த்த வயது எனக்கும் இருந்தது.

*

1941ஆம் ஆண்டு மார்ச் முதல் மே வரை கிள்ளான் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர். எச். நாதன் முன்னின்றார். அவர்கள் கொடுத்த கோரிக்கைப் பட்டியலை இதுவரை பல தடவை படித்துவிட்டேன். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும். கள்ளுக்கடை மூட வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வி, நோய்க்கு முறையான மருத்துவம் வேண்டும். பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும். இவற்றோடு இன்னொன்று: தோட்ட மேலாளரான துரையையோ எழுத்தரான கிராணியையோ கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும்.

இந்த ஒரு கோரிக்கையைத் தாண்டி எனக்கு வாசிப்பு நகர்வதில்லை.

டயருக்குப் பால் எடுத்தவன், தான் மிச்சம் பிடித்து வாங்கிய சைக்கிளில், இரண்டு மெல்லிய டயர்களின் மேல் தன் நிரைக்குப் போய்க்கொண்டிருக்கிறான். எதிரே துரையின் கார் வருகிறது. இவன் இறங்க வேண்டும். கார் கடந்து தூசி அடங்கும்வரை ஓரமாக நிற்க வேண்டும். பிறகு ஏறி, முதலிலிருந்து மிதித்து வேகம் பிடிக்க வேண்டும். கேம்ப்பெல் 445 கிலோமீட்டரைத் தொட்டு ஆறு ஆண்டு கழித்தும், தோட்டத்துத் தமிழன் இறங்காமல் மிதித்துப் போகும் உரிமையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான்.

கூலி கேட்டதை முதலாளிகள் புரிந்துகொண்டார்கள், மறுத்தார்கள், பேரம் பேசினார்கள். சைக்கிளைப் பற்றிக் கேட்டதுதான் அவர்களைக் கலங்க வைத்திருக்கும் என்று எனக்குப் படுகிறது. அதில் காசு இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்திருப்பது மட்டுமே இருக்கிறது. படை வந்தது. துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நாதனை நாடு கடத்தினார்கள். போருக்குப் பின் நம் கெடாவில் ஹார்வார்ட் தோட்டத்து ஏ. எம். சாமி தொண்டர் படையைத் திரட்டிக் கள்ளுக்கு எதிராக மறியல் செய்தபோதும் அதே நிமிர்வைத்தான் தொழிலாளர்கள் கேட்டார்கள். 1947இல் அதற்கும் உயிர்ப்பலி நேர்ந்தது.

டேட்டோனாவைப் போலக் கெடாவுக்கென்றும் ஓர் உல்லாசக் கடற்கரை உண்டு, லங்காவி. 1987இல் அதைத் தீர்வையற்ற தீவாக்கினார்கள். 1996இல் அதன் பெயரில் ஒரு பந்தயமும் தொடங்கியது. சைக்கிள் பந்தயம். பல நாட்டு வீரர்கள் தீபகற்பத்துச் சாலைகளில் நாள்கணக்கில் மிதித்துப் போகிறார்கள். வழிவிட்டு, கார்கள் ஓரமாக நிற்கின்றன. தொலைக்காட்சியில் அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கோரிக்கை என் நினைவுக்கு வரும்.

*

டிசம்பர் 1941இல் ஜப்பானியப் படை கெடாவுக்குள் இறங்கி ஜித்ராவில் வென்றது. மலாயா ரப்பர் தடைபட்டதும் அமெரிக்கா முதலில் பங்கீட்டுக்குக் கொண்டுவந்த பொருள் டயர்தான். போர் முடியும்வரை டேட்டோனாவில் பந்தயம் இல்லை. அவசர அவசரமாகச் செயற்கை ரப்பர் ஆலைகள் எழுந்தன.

இந்தப் பக்கம், பால் வாங்க ஆளில்லாத தோட்டங்களில் அரிசி இல்லை, வேலை இல்லை. மூன்று மாத வேலை என்று சொல்லியும், சொல்லாமலே லாரியில் ஏற்றியும் ஆட்களைச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். சயாம்–பர்மா மரண ரயில்பாதை, 415 கிலோமீட்டர். காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரக்கணக்கில் தமிழர்கள் அங்கே விழுந்தார்கள். பாட்டியின் தம்பி போனார், வரவில்லை. கொஞ்ச காலத்துக்கு ஓர் ஊரில் பந்தயம் நின்றது. அதே காரணத்தால் இன்னோர் ஊரில் லயம் லயமாய் வீடுகள் பூட்டிக் கிடந்தன. இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிய நூலை நான் கண்டதில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

*

டேட்டோனா கடற்கரை எல்லோருக்குமானதாக இருந்ததில்லை. நிறவெறிச் சட்டங்கள் இருந்த காலத்தில் கறுப்பின மக்கள் அந்த மணலில் இறங்கக் கூடாது. ஓட்டல் அறைகளைச் சுத்தம் செய்யலாம், துணி வெளுக்கலாம், கடலில் கால் நனைக்கக் கூடாது. அந்த ஊரில்தான் மேரி மெக்லியோட் பெத்யூன் 1904இல் ஐந்து சிறுமிகளோடு ஒரு பள்ளியைத் தொடங்கினார். பருத்திக் காட்டில் வேலை செய்த குடும்பத்துப் பெண். அந்தப் பள்ளி இன்று ஒரு பல்கலைக்கழகம். 1940களில் அவரும் சிலரும் சேர்ந்து, ஊருக்குத் தெற்கே கடற்கரை நிலத்தை விலைக்கு வாங்கினார்கள், தங்கள் மக்கள் குளிக்க ஒரு கடல் வேண்டும் என்பதற்காக. 1946 மார்ச் 17 அன்று கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் அந்த ஊர் மைதானத்தில் பேஸ்பால் ஆடினார். வேறு ஊர்கள் மறுத்த ஆட்டத்தை அந்த ஊர் அனுமதித்தது. வேகச் சாதனைகளைவிட இவை இரண்டும் அந்த ஊரின் மீது எனக்கு மதிப்பைக் கூட்டுகின்றன.

கடலுக்குப் போவது ஒரு குடும்பத்துக்கு எத்தனை பெரிய காரியம் என்று எங்களுக்குத் தெரியும். பாட்டி நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, பினாங்கில் ஜெரஜாக் தீவில் தடுத்து வைத்துச் சோதித்தபின் கரை இறங்கியவர். அதன்பின் தோட்டத்துக்கும் கடலுக்கும் ஒரு மணி நேரப் பஸ் தூரம்கூட இல்லை, ஆனாலும் பல காலம் அவர் கடலைப் பார்க்கவில்லை. பார்க்க நேரமில்லை என்பதல்ல காரணம். பார்த்தால் திரும்பிப் போகத் தோன்றும் என்று பயந்தேன் என்றார் ஒருநாள். உல்லாசக் கடற்கரை என்ற சொல்லைப் படிக்கும்போதெல்லாம் அவர் பயந்த கடலும் எனக்குள் சேர்ந்தே வருகிறது.

*

டேட்டோனாவின் நட்சத்திர வேகக்காரர்கள் 1935க்குப் பின் உப்புப் பாலைவனத்துக்குப் போய்விட்டார்கள். ஊர்க்காரர்கள் விடவில்லை. 1936இல் பாதி மணல், பாதி தார்ச்சாலை என்று ஒரு தடம் வகுத்து, சாதாரணக் கார்களையே போட்டியில் விட்டார்கள். பழுது பார்க்கும் கடை வைத்திருந்த பில் ஃப்ரான்ஸ் அதில் ஓடியவர்களில் ஒருவர். 1947 டிசம்பரில் அவ்வூர் ஓட்டலொன்றில் அவர் கூட்டிய கூட்டத்திலிருந்துதான் நாஸ்கார் என்ற கார்ப் பந்தய அமைப்பு பிறந்தது. 1958இல் மணலில் கடைசிப் பந்தயம். கட்டடங்களும் கூட்டமும் பெருகியதால் கரையில் இடம் போதவில்லை.

1959இல் உள்நிலத்தில் பெரிய ஓடுதளம் திறந்தது. இரண்டரை மைல் சுற்று. வளைவுகளில் 31 பாகைச் சரிவு. அம்மாவின் வெட்டுக்கு ஒரு பாகைதான் வித்தியாசம். தற்செயல்தான், ஆனாலும் குறித்து வைக்க ஆசையாக இருக்கிறது. முதல் டேட்டோனா 500 பந்தயத்தில் லீ பெட்டியும் ஜானி போஷாம்ப்பும் ஒன்றாகவே கோட்டைத் தாண்ட, படங்களையும் படச்சுருளையும் பார்த்து வெற்றியாளர் பெட்டிதான் என்று அறிவிக்க மூன்று நாள் ஆயிற்று. எத்தனை அக்கறையாகப் பார்த்திருக்கிறார்கள்! உழைத்தவனுக்குச் சேர வேண்டியது சேர வேண்டும் என்ற அந்த அக்கறையை நான் மெய்யாகவே மதிக்கிறேன். நம் ஸ்டோரில் பால் நிறுக்கும்போது, எத்தனை சதவீதம் ரப்பர் என்று சோதிக்கும்போது, ஓர் அரை நிமிடம் அதே அக்கறை இருந்திருந்தால் எத்தனை குடும்பங்களின் மாதச் சம்பளம் மாறியிருக்கும்.

*

இப்போது இங்கே பார்க்கும் இடமெல்லாம் செம்பனை. கித்தா மரங்கள் சிறு தோட்டக்காரர்களிடம் கொஞ்சம் மிஞ்சியிருக்கின்றன. பிள்ளைகள் கூலிமில் தொழிற்சாலை ஷிப்டுக்குப் போகிறார்கள். என் அக்கா மகன் ஆண்டுதோறும் பிப்ரவரியில் டேட்டோனா 500 பார்க்க எழுந்திருப்பான். அங்கே ஞாயிறு பிற்பகல் பந்தயம் தொடங்கும்போது இங்கே திங்கள் விடியுமுன் மூன்று, நான்கு மணி. இந்த வீட்டில் முன்பு வெட்டுக்கு எழுந்த நேரம். போன தடவை நானும் உடன் உட்கார்ந்தேன். கார்கள் ஒதுங்கி நின்று டயர் மாற்றும்போது அவன் விநாடி எண்ணினான். "அந்த டயர்ல கித்தா இருக்கா மாமா?" என்று கேட்டான். பந்தய டயர் பெரும்பாலும் செயற்கை ரப்பர், விமான டயரில்தான் மரத்து ரப்பர் இன்றும் அதிகம் என்றேன். கேம்ப்பெல் காலத்தில் முழுக்க மரத்துப் பால்தான் என்றும், சைக்கிளிலிருந்து இறங்கி நின்ற கதையையும் சொன்னேன். சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டான்.

அவனும் நானும் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம். 1935இல் ஓடிய அந்த 'புளூபேர்ட்' கார் இன்று டேட்டோனா ஓடுதளத்தை ஒட்டிய மோட்டார் பந்தய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எஞ்சின் ரோல்ஸ் ராய்ஸ், வடிவமைத்தவர் ரீட் ரெயில்டன், டயர் டன்லப்: இவை வரலாற்றில் பதிந்தவை. அதற்கு முந்தைய படி ஒன்றையும் சேர்க்கச் சொல்லிக் கேட்கப்போகிறோம். மலாயா, இலங்கை, சுமத்ரா தோட்டங்களில் விடியுமுன் வெட்டிச் சேர்த்த பாலால் ஆன டயர் என்று. வெட்டியவர்களில் பெருந்தொகையினர் தமிழர், பெண்களும் ஆண்களும் என்று. ஒரு மைல் 13 விநாடி என்பதன் பக்கத்தில் ஒரு மரத்துக்கு ஆகும் விநாடியையும் போடச் சொல்லப்போகிறோம். 1941 கோரிக்கையை அவன் தனித்தாளில் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறான். அம்மாவின் பால் கத்தியைப் படமெடுத்து இணைக்கலாமா என்று அக்காவிடம் கேட்க வேண்டும். அது இப்போது அவள் வீட்டில் இருக்கிறது.